லூசிட் கனவு பாதியில் கலைகிறதா? பிடித்து வைக்கும் முறை

'அட, இது கனவு!' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. இதுதான் லூசிட் கனவு. அடுத்த அஞ்சு விநாடியில் கண் திறந்து, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கனவுகளை எழுதி வைப்பது, பகலில் 'இது கனவா, நிஜமா' என்று சோதிப்பது எல்லாம் ஏற்கெனவே பழகியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

(சோதனைக்கு வேலூர்க்காரர்களிடம் ஒரு சொலவடையே தயாராக இருக்கிறது: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் ஏதாவது மாறியிருந்தால் கனவு. ஆனால் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறும் கரைபுரண்டு ஓடிக் காட்டிவிட்டது. ஆகவே மலையையும் ராஜாவையும் மட்டும் நம்புங்கள்.)

நேரமும் அறையும்

கனவு அதிகம் வரும் ரெம் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முதல் சுற்றில் அது சில நிமிடம்தான். விடியற்காலைச் சுற்றில் அரை மணி நேரம்கூட நீளும். நடுராத்திரியில் வரும் கனவை என்ன செய்தாலும் நிறுத்தி வைக்க முடியாததற்குக் காரணம் இதுதான். பத்தரைக்குப் படுத்தால் 4 மணிக்கு அலாரம். எழுந்து 20 நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி படுங்கள். அந்த 20 நிமிடத்தில் போனைத் தொட வேண்டாம். கனவுக் குறிப்புக்கும் ஆப் வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். திரை வெளிச்சம் கண்ணில் அடித்தால் திரும்பத் தூக்கம் பிடிப்பது கஷ்டம்.

வேலூரில் இன்னொரு சிக்கல், வெயில். ரெம் தூக்கத்தின்போது உடம்பு தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அறை புழுங்கினால் ரெம் சுருங்கும், அடிக்கடி விழிப்பு வரும். சித்திரை, வைகாசியில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரியெல்லாம் அனலைக் கக்கும். அப்போது கனவு கலைந்தால் குறை உங்கள் பயிற்சியில் இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஆரம்பிப்பது நல்லது. மார்கழி என்றால் விடியலில் கோயில் ஸ்பீக்கர் இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அலாரத்தை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வையுங்கள்.

முதல் பத்து விநாடி: ஒன்றும் செய்யாதீர்கள்

தெரிந்தவுடனே பறக்கப் பார்ப்பதும், சந்தோஷத்தில் கத்துவதும்தான் புதியவர்கள் செய்கிற தப்பு. பரபரப்பு ஏறினால் விழிப்பும் கூடவே ஏறும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். 'இது கனவு, என் உடம்பு தூங்குகிறது' என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். படுக்கை எப்படி இருக்கிறது, கை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று மட்டும் யோசித்துவிடாதீர்கள். கவனம் கட்டிலுக்குப் போனால் நீங்களும் அங்கேயே போய்ச் சேருவீர்கள்.

கை தேய்ப்பது

முழுப் பதிவில் இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கனவுகள் தப்பிக்கும். கனவில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, குளிரில் தேய்ப்பதுபோல் தேயுங்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும். தேய்ப்பது முக்கியமில்லை, தேய்ப்பது *தெரிய* வேண்டும்: ரேகைகளின் சொரசொரப்பு, ஏறுகிற சூடு, சர் சர் என்ற சத்தம். எதுவும் தெரியவில்லையென்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

ஏன் வேலை செய்கிறது? ரெம் தூக்கத்தில் நிஜக் கை அசையாமல் கட்டிப்போட்டதுபோல் கிடக்கிறது. கை சம்பந்தமான கவனத்தைக் கனவுக் கை முழுசாகப் பிடித்துக்கொண்டால், போர்வைக்குள் கிடக்கும் நிஜக் கையைக் கவனிக்க மனசில் இடமிருக்காது.

அடுத்து அதே கையால் பக்கத்தில் இருப்பதைத் தொடுங்கள். கோட்டைக்குள் நிற்கிறீர்கள் என்றால் மதில் கருங்கல்லில் உள்ளங்கையைப் பதித்து நகர்த்துங்கள். உளி கொத்திய பள்ளம், வெயில் ஏறிய சூடு, கல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் மண். ஒவ்வொன்றாகத் தேடத் தேடக் காட்சி கெட்டிப்படும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எதையாவது தொட்டுக்கொண்டே இருங்கள். கனவு மங்கிய பிறகு தேய்ப்பதைவிட, நன்றாக இருக்கும்போதே தேய்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கண்

ஒரே பொருளை உற்றுப் பார்க்காதீர்கள், கனவு கலையும். ரெம் தூக்கத்தில் உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தாலும் கண் மட்டும் நிஜமாகவே அசைகிறது. 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்து, 'கனவில் இருக்கிறேன்' என்பதற்கு அடையாளமாக முன்பே பேசிவைத்த கண் அசைவைப் பதிவுசெய்தது இந்த வழியாகத்தான். கொஞ்ச வருஷத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜும் அதையே செய்து காட்டினார். ஆக, பார்வையை நிறுத்தினால் நிஜக் கண்ணும் நிற்க வாய்ப்புண்டு. கல், கை, தரை, வானம் என்று மேயவிடுங்கள். கனவில் கண்ணை மூடுவதும் வேண்டாம்; திறக்கும்போது பெரும்பாலும் நிஜ இமைதான் திறக்கும்.

மங்க ஆரம்பித்தால் தட்டாமாலை

காட்சி வெளுத்து, ஓரம் இருட்டினால் கை தேய்க்க நேரமிருக்காது. கையை விரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் தட்டாமாலை சுற்றுவதுபோல் நின்ற இடத்திலேயே சுற்றுங்கள். லபெர்ஜ் சொல்லிக்கொடுத்த முறை இது. பழைய காட்சி போய் வேறு இடம் வரும், பரவாயில்லை. சுற்றும்போது 'அடுத்து வருவதும் கனவுதான்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதை விட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த பத்தியில்.

பொய் விழிப்பு

சுற்றி முடித்ததும் உங்கள் அறை, உங்கள் கட்டில், சன்னலில் விடியல். 'சே, முழிச்சிட்டோம்' என்று எழுந்து பல் தேய்க்கப் போவீர்கள். அதுவும் கனவுதான்! கனவுகள் அதிகம் வீணாகிற இடம் இது. ஒவ்வொரு முறை விழித்ததும் மூக்கை விரலால் மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள். காற்று போனால் கனவு. சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கனவில் லைட் எரியாமல் போவது சகஜம்தான், ஆனால் நம் ஊர் கரண்ட் கட்டில் அது எதையும் நிரூபிக்காது.

நிஜமாகவே விழித்துவிட்டால்

அசையாதீர்கள், கண் திறக்காதீர்கள். மூச்சு அதே வேகத்தில் ஓடட்டும். விட்டுவந்த காட்சியையும் கடைசியாகத் தொட்ட பொருளையும் மனசில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இருங்கள். பல சமயம் நேராகத் திரும்பப் போய்விடலாம். புரண்டு படுத்தால் வாய்ப்பு போச்சு.

பின்சேர்க்கை

கேட்டவர்களுக்காக நாலு விஷயம். அசையாமல் இருக்கும்போது நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்தால், அது நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது. தசைப்பூட்டு விலகும் முன் மூளை விழித்ததன் விளைவு. தானாக விலகும். மூச்சைக் கவனித்து, கால் விரலை அசைக்கப் பாருங்கள்.

'இது கனவு' என்று தூக்கத்தில் நினைவூட்ட வெளிச்சம் சிமிட்டும் கண் மாஸ்க் ஆரம்பத்தில் தேவையே இல்லை, காசு மிச்சம். லூசிட் கனவுக்காகச் சிலர் சாப்பிடும் கேலண்டமைன், அல்சைமர் நோய்க்குக் கொடுக்கிற மருந்து, டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

4 மணி அலாரம் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், அதுவும் மறுநாள் காலை தூங்க வழியிருக்கும் நாளாகப் பாருங்கள். காட்பாடியில் ஆறு மணி ரயிலைப் பிடிக்கிற நாளில் இதை முயற்சித்தால் கனவும் இருக்காது, ரயிலும் இருக்காது.