உலோகச் சரவிளக்கைத் துடைப்பது எப்படி, எப்போது பாலிஷ் போடுவது?

சரவிளக்கு மங்கிவிட்டால் பலருடைய கை முதலில் பாலிஷ் டப்பாவைத்தான் தேடும். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. சமையல் புகையில் வரும் எண்ணெய்ப் பிசுக்கும், மின்விசிறி கிளப்பிவிடும் தூசியும் சேர்ந்து உலோகத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அதை எடுத்துவிட்டால் அடியில் பளபளப்பு அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். பாலிஷ் செய்யும் வேலை வேறு. அதிலுள்ள நுண்துகள்கள் உலோகத்தின் மேற்பரப்பையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கின்றன. அடிக்கடி பாலிஷ் போட்டால் முலாம் பூசிய விளக்கு சில ஆண்டுகளிலேயே பல்லிளித்துவிடும்.

ஆகவே துணியைக் கையில் எடுப்பதற்கு முன், விளக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விளக்கை அடையாளம் காணுதல்

ஒரு சிறு காந்தத்தை விளக்கின் கிளையில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு; மேலே தெரியும் பித்தளை நிறம் வெறும் முலாம்தான். ஒட்டாவிட்டால் கெட்டிப் பித்தளையாக இருக்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசிய விளக்கிலும் காந்தம் ஒட்டாது என்பதால் உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எங்காவது சிறு கீறல் இருந்தால் உற்றுப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அது முலாம்.

அடுத்ததாக, மேலே லேக்கர் பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தளை கறுக்காமல் இருக்க, தொழிற்சாலையிலேயே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்றை அதன் மேல் பூசியிருப்பார்கள். பல ஆண்டுகளாகப் பாலிஷ் போடாமலே விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அநேகமாக அந்தப் பூச்சு இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையென்றால், கூரையை ஒட்டிய மூடிக்குப் பின்புறம் போன்ற மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் உலோகம் வெறுமையாக இருக்கிறது. கறுக்காவிட்டால் பூச்சு இருக்கிறது, பாலிஷ் டப்பாவை மூடி வைத்துவிடலாம்.

வெள்ளி நிறத்தில் மின்னுபவை பெரும்பாலும் குரோம் அல்லது நிக்கல் முலாம் பூசியவை. அலங்காரப் பொருட்களில் குரோம் படலத்தின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதில் சொரசொரப்பான எதுவும் படக்கூடாது.

தேவையானவை

நிலையாக நிற்கும் மடக்கு ஏணி, நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகள், மென்மையான பெயின்ட் பிரஷ், பஞ்சு சுற்றிய காதுக்குச்சிகள், பருத்திக் கையுறை, வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் மிதமான திரவம், கீழே விரிக்க ஒரு தடித்த போர்வை. நீங்கள் பயன்படுத்தும் நீர் உப்புத்தன்மை உள்ளதென்றால் கொஞ்சம் வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பிறகு தெரியும் வெள்ளைத் திட்டுகளுக்கு நீரிலுள்ள உப்புதான் காரணம்.

படி 1: மின்சாரத்தைத் துண்டித்தல்

சுவர் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். வயரிங் செய்தவர் சுவிட்சை மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் இணைத்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எம்.சி.பி.யையே (மின்பெட்டியில் அந்த இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரை) இறக்கிவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் அதை மேலே தூக்கிவிடாதபடி சொல்லி வையுங்கள். பல்புகள் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள். ஹாலஜன் பல்பு என்றால் வெறும் விரலால் கண்ணாடியைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறி பல்பு சீக்கிரம் பழுதாகும்.

படி 2: ஏணியும் படமும்

கண்ணாடித் தொங்கல்கள் இருந்தால் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமிருந்தும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்தக் கொக்கியில் இருந்தது என்று பிறகு நினைவுக்கு வராது. கீழே போர்வையை விரித்து, அதன் மடிப்பில் ஏணியின் கால் ஏறிவிடாதபடி நிறுத்துங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு விளக்கைச் சுழற்றுவார்கள். பல சரவிளக்குகள் மரையுள்ள குழாயில்தான் தொங்குகின்றன. ஒரே திசையில் நாலு சுற்று சுற்றினால் மரை கழலலாம், உள்ளே செல்லும் கம்பிகளும் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கிளைக்கும் இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடியும் ஏறுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

படி 3: உலர்ந்த தூசி

மேலிருந்து கீழாக வாருங்கள். பிரஷால் சங்கிலியின் கண்ணிகள், கிளைகள் சேரும் மூட்டுகள், பூவேலைப்பாட்டின் இடுக்குகள் ஆகியவற்றிலுள்ள தூசியை எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேராக ஈரத்துணிக்குப் போனால், தூசியிலுள்ள மணல்துகள்கள் துணியோடு சேர்ந்து இழுபட்டு நுண்கீறல்கள் விழும். பளபளப்பான பரப்பில் அவை வெளிச்சத்தில் சிலந்தி வலை போலத் தெரியும்.

படி 4: ஈரத்துணி

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று துளி திரவம் போதும். துணியை நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். கிளையின் அடியில் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து, மறு கையால் துடையுங்கள். தாங்கல் இல்லாமல் அழுத்தினால் மூட்டு தளரும். சோப்பு நீரால் துடைத்த இடத்தை உடனே சாதாரண நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், அதன்பின் உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். ஒரு கிளையை முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

எந்தத் திரவத்தையும் விளக்கின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். அது வழிந்து ஹோல்டருக்குள் இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களைப் பித்தளை பக்கமே கொண்டுபோக வேண்டாம். அம்மோனியா லேக்கரைக் கெடுப்பதோடு நிற்காது, உள்ளே அழுத்தம் தேங்கிய பித்தளையை விரிசல் விடவும் வைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. அவற்றைச் சேமித்து வைத்த குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. குளோரின் கலந்த ப்ளீச்சும் வேண்டாம், குரோமையும் துருப்பிடிக்காத எஃகையும் அது அரித்துக் குழியாக்கும்.

லேக்கர் பூச்சு உள்ள விளக்குக்கும், முலாம் பூசியவற்றுக்கும் வேலை இத்துடன் முடிந்தது. படி 6க்குப் போய்விடலாம்.

படி 5: பாலிஷ் (பூச்சில்லாத கெட்டிப் பித்தளைக்கு மட்டும்)

துடைத்த பிறகும் பழுப்பேறிக் கிடக்கிறதா? அப்படியென்றால் மட்டும் பித்தளைக்கென்றே விற்கும் பாலிஷை எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பட்டாணி அளவு பாலிஷைத் துணியில் எடுத்து, கிளையின் நீளவாக்கில் லேசாகத் தேய்க்க வேண்டும். துணி கறுக்கக் கறுக்க சுத்தமான பகுதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதே கறுத்த பகுதியால் தேய்த்தால், எடுத்த அழுக்கையே திருப்பிப் பூசுவதாகும்.

எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புகளும் கறுப்பை எடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அமிலம் அதிக நேரம் தங்கினால் துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பில் இளஞ்சிவப்பாகச் செம்பு மட்டும் மிஞ்சும். பாத்திரத்தைக் குழாயடியில் நன்றாக அலசிவிடலாம். தொங்கும் விளக்கை அலச முடியாது. அதனால் சரவிளக்குக்கு இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

இடுக்குகளில் தேங்கிய பாலிஷ் காய்ந்து வெள்ளை மாவாகும் முன், ஈரக் காதுக்குச்சியால் எடுத்துவிடுங்கள். பிறகு படி 4இல் உள்ளபடி ஒருமுறை துடைத்து உலர்த்துங்கள். கடைசியாக, உலோகத்துக்கான மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, சில நிமிடங்கள் விட்டு, உலர்ந்த துணியால் தேய்த்து மெருகேற்றலாம். பல்பின் சூடு படும் ஹோல்டர் ஓரங்களை விட்டுவிடுங்கள். இந்த மெழுகு இருக்கும்வரை காற்றும் ஈரமும் பித்தளையை எளிதில் தொடாது.

லேக்கர் உரிந்து, இடையிடையே கருங்கோடுகள் புழு ஊர்ந்தது போல ஓடியிருந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. பழைய பூச்சை முழுவதும் எடுத்து, உலோகத்தை மெருகேற்றி, புதிதாகப் பூச வேண்டும். அதற்கு விளக்கைக் கழற்றி அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

படி 6: திரும்பப் பொருத்துதல்

ஏணியில் நிற்கும்போதே சங்கிலிக் கண்ணி எதுவும் வாய் பிளந்திருக்கிறதா, கிளைகள் ஆடுகின்றனவா, கம்பியின் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்பி மொறுமொறுப்பாகி உதிர்ந்தால் எலெக்ட்ரீஷியனை அழைக்கும்வரை அந்த விளக்கைப் போட வேண்டாம். எல்லாம் சரியென்றால் தொங்கல்களைப் படத்தைப் பார்த்து மாட்டி, உலர்ந்த துணியால் பிடித்துப் பல்புகளைப் பொருத்துங்கள். ஈரம் முழுக்க உலர இரண்டு மணி நேரமாவது விட்டு, பிறகு எம்.சி.பி.யை மேலே தூக்குங்கள்.

இதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி வேலை ஆண்டுக்கு ஒருமுறை. சமையலறைக்குப் பக்கத்தில் தொங்கும் விளக்குக்கு இரண்டு முறை. பாலிஷுக்கு நாள் குறிக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தும் மங்கல் போகாத அன்று டப்பாவைத் திறந்தால் போதும்.