வாரம் ஒரு சொல், கையில் ஒரு வேலை: எங்கே சறுக்குகிறோம்?

வாரத்துக்கு ஒரு சொல். குழுவில் ஒருவர் சொல்லைக் கொடுப்பார். மற்றவர்கள் அதை வைத்து ஏழு நாளுக்குள் கையால் ஏதாவது செய்து காட்ட வேண்டும். பூத்தையல், குரோஷா, காகித வேலை, துணிப்பொம்மை, களிமண் எதுவானாலும் சரி. செய்த பொருளுக்கும் சொல்லுக்கும் என்ன உறவு என்று ஒரு வரி சொன்னால் போதும். விதி அவ்வளவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கைவேலை செய்கிற பெண்கள் (ஆண்களும் உண்டு, சத்தம் போடாமல் செய்கிறார்கள்) சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து இதை விளையாடுகிறார்கள். முதல் வாரம் எல்லோரும் செய்வார்கள். ஒரு மாதம் போனால் பாதிப் பேரைக் காணோம். அதற்கப்புறம் சொல் கொடுத்தவர் மட்டும் தனியாகச் செய்து தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆர்வம் போய்விட்டது என்று காரணம் சொல்வது சுலபம். ஒரு வாரம் எவ்வளவு சின்னது என்பதை மறந்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். மற்ற தவறுகளில் பல இதிலிருந்து கிளைத்தவைதான்.

இந்த வகை விளையாட்டில் உலகம் முழுக்கத் தெரிந்தது இங்க்டோபர். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009-ல் தன் கைப்பழக்கத்துக்காகத் தொடங்கியது. அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு மை ஓவியம். நாளுக்கு ஒரு சொல் என்ற பட்டியல் பின்னால் வந்து சேர்ந்தது. ‘அவர்கள் தினம் ஒன்று செய்கிறார்கள், நமக்கு வாரத்துக்கு ஒன்று முடியாதா’ என்ற நினைப்பு இதைப் பார்த்துத்தான் வருகிறது. பேனாவில் ஒரு கோடு இழுக்க ஒரு நொடி ஆகும். அதே கோட்டைக் காம்புத் தையலில் போட்டுப் பாருங்கள், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும்.

அதனால் சொல் வந்ததும் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். என்ன செய்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம். எட்டு அங்குல வளையத்தில் துணி மாட்டினால் நான்கு அங்குல வளையத்தைப் போல இரண்டு மடங்கு வேலை என்று தோன்றும். பரப்பளவு நான்கு மடங்கு. நிரப்ப வேண்டிய தையலும் நான்கு மடங்கு. தறி ஓட்டுகிற வீடோ, பனியன் கம்பெனிக்குப் போகிற வீடோ, தோட்டத்தில் மாடு கன்று பார்க்கிற வீடோ, நம் கைக்கு உண்மையில் கிடைப்பது இரண்டு சாயங்காலமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும்தான். அதில் முடிகிற அளவு என்றால் உள்ளங்கை அகலம். அதற்கு மேல் வேண்டாம்.

சின்னதாக எடுத்துக்கொண்ட பிறகும் சிலர் அவசரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பூத்தையல் நூல் ஆறு இழையாக வரும். சீக்கிரம் நிரம்பட்டும் என்று ஆறையும் சேர்த்துக் கோத்தால் தையல் புடைத்து நிற்கும், மெல்லிய துணி சுருங்கிவிடும். இரண்டு இழை போதும். நூலை நீளமாக வெட்டினால் அடிக்கடி கோக்க வேண்டாம் என்பதும் தப்புக்கணக்கு. நீள நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும், துணிக்குள் போய்ப் போய்த் தேயும். ஒரு முழம்தான் சரியான நீளம். உருவம் முழுவதையும் சாட்டின் தையலால் நிரப்ப ஆசைப்படுகிறவர்கள் வெளிக்கோட்டை மட்டும் போட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தை நிரப்பிப் பாருங்கள். வேலையும் குறையும், பார்க்கவும் அதுதான் அழகு.

இனி சொல்லைப் பற்றி. சொல்லைக் கேட்டதும் மனதில் முதலில் வரும் படத்தையே எல்லோரும் செய்கிறார்கள். ‘சந்தை’ என்றால் கூடையில் காய்கறி. பத்துப் பேர் செய்தால் எட்டுக் கூடை, எட்டிலும் தக்காளி. முதல் படத்தை ஒதுக்கி வையுங்கள். இரண்டாவதாக வருவதையும் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்து மாட்டுச்சந்தையில் வியாபாரிகள் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு துண்டு, அதன் மடிப்பு, இரண்டு பக்கமும் இரண்டு மணிக்கட்டு. சந்தைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? தைப்பதற்கும் கூடையைவிட சுலபம்.

‘ஆறு’ என்றதும் நீல நூலை எடுப்பதும் அப்படித்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய் காவிரியில் சேரும் நொய்யல், பல வருடம் சாயத்தண்ணீரைச் சுமந்து ஓடியது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை ஊரே பேசியது. அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர் ஆற்றைச் சிவப்பிலும் கத்தரிப்பூ நிறத்திலும் தைத்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ‘கன்று’ என்ற சொல்லுக்கு வெள்ளைக் கன்று தைக்கிறவர்கள் காங்கேயத்துக் கட்டுத்தரையை எட்டிப் பார்த்திருந்தால் நூலை மாற்றியிருப்பார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். பாதி செவலை, பாதி சாம்பல் என்று ஒரு கன்றைத் தைத்தால் அதிலேயே ஒரு கதை இருக்கிறது.

இதெல்லாம் தோன்றாமல் போவதற்குப் பெரிய காரணம் பின்டரெஸ்ட் என்ற படங்கள் தேடும் இணையதளம். சொல் வந்த அரை நிமிடத்தில் அதைத் தட்டிப் பார்த்துவிடுகிறோம். யாரோ செய்த நல்ல படம் ஒன்று கண்ணில் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் நம் மண்டையில் வேறு எதுவும் ஏறாது. முதல் இரண்டு நாள் தேடாமல் இருங்கள். எப்படித் தைப்பது என்று தெரியாவிட்டால் மூன்றாம் நாள் தேடலாம். அப்போது தேடுவது வேலை முறையை மட்டும்தான்.

அடுத்தது, சொல் வந்த அன்றே கடைக்கு ஓடுவது. உள்ளங்கை அளவு வேலைக்குக் கோவை டவுன்ஹால் கடைவீதிப் பக்கம் போய் மணி, லேஸ், ஃபெல்ட் துணி என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தால், வாங்கிய அலுப்பிலேயே வாரம் முடிந்துவிடும். துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளி வாரச்சந்தை இருக்கிறது. சென்னிமலை பெட்ஷீட்டோ பவானி ஜமக்காளமோ இல்லாத வீடு இந்தப் பக்கம் அரிது. ஆனால் ஒவ்வொரு துணிக்கும் ஒரு குணம் உண்டு, அது தெரியாமல் கத்தரிக்கோலை வைத்தால் வீண்.

பனியன் துணி நெய்தது இல்லை, கண்ணி கண்ணியாகப் பின்னியது. வெட்டினால் ஓரம் சுருளும். வளையத்தில் மாட்டும்போது இழுத்து இறுக்கிவிட்டால், தைத்துக் கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. எல்லாம் அலை அலையாக நிற்கும். இழுக்காமல் மாட்ட வேண்டும், பின்னால் ஒரு காடாத் துணி வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். சாதா ஊசி கண்ணியைக் கிழித்து ஓட்டை போடும், முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சுருளும் குணத்தை உங்களுக்கு வேலை செய்ய வைக்கவும் முடியும். பனியனைக் குறுக்குவாக்கில் ஒரு அங்குல நாடாவாக வெட்டி இரண்டு கையாலும் இழுத்தால் தானே சுருண்டு உருண்டை நூலாகிவிடும். குரோஷாவில் கால்மிதி, கூடை எல்லாம் அதில் போடலாம். நீளவாக்கில் வெட்டினால் அப்படி இழுபடாது, சுருளாது. எது குறுக்கு, எது நீளம் என்று இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

ஜமக்காளம் தடித்த பருத்தி நூல். அதன் மேல் மெல்லிய பூ தைக்கப் போனால் ஊசிதான் உடையும். அதில் ஏற்கெனவே பட்டை பட்டையாக நிறம் இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டு கோணி ஊசியால் நாலு பெரிய தையல் போட்டால் போதும். வெட்டுவதற்கு முன் வெட்டுகிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் பிரிந்து கையோடு வரும். அப்புறம், அட்டாலியில் மடித்து வைத்திருக்கிற ஜமக்காளத்தை அம்முச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) கேட்காமல் வெட்டாதீர்கள். அது ஒறம்பரைக்கு (விருந்தாளிகளுக்கு) விரிப்பதற்கென்று எடுத்து வைத்ததாக இருக்கும்.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரோட்டுப் பக்கம் இருந்துகொண்டு ‘மஞ்சள்’ என்ற சொல் வந்தால் யாருக்கும் சமையலறை மஞ்சளில் நூலை முக்கத் தோன்றும். பருத்தியில் உடனே பளிச்சென்று பிடிக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். வெயிலில் வைத்தால் சில நாளில் வெளுக்கும். சோப்புப் போட்டால் சிவந்துவிடும். நிறம் பிடித்து நிற்கப் படிகாரம் போட்டாலும் வெயிலுக்கு அது அவ்வளவாகத் தாங்காது. நிலைத்த நிறம் வேண்டும் என்றால் மஞ்சள் அதற்கான பொருளே இல்லை. ஆனால் ஒரு வார விளையாட்டுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது தெரிந்ததுதானே? மஞ்சளில் முக்கிக் காயவைத்த வெள்ளைத் துணியில், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டுக் குச்சியால் கோடு போடுங்கள். கோடு சிவப்பாக எழும்பும். தப்பாக விழுந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு வைத்தால் மறுபடி மஞ்சளாகும். துணியிலேயே அழித்து அழித்து வரையலாம். நாள்பட மங்கும், அதனால் பகல் வெளிச்சத்தில் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். டியூப் லைட்டில் எடுத்தால் எந்த நிறமும் அதன் நிறத்தில் வராது, இது எல்லா வேலைக்கும் பொருந்தும்.

சொல் கொடுக்கிறவர்களும் தப்புச் செய்கிறார்கள், அதை யாரும் பேசுவதில்லை. அன்பு, கனவு, நம்பிக்கை என்று கொடுத்தால் குழு முழுக்க இதய வடிவம்தான் வரும். மயில், தாமரை என்று கொடுத்தால் ஒரே அச்சு. கையால் தொடக்கூடிய, அசையக்கூடிய, ஒரு வேலை செய்கிற பொருளாகப் பார்த்துக் கொடுங்கள். திரி, வடம், கிணறு, பொட்டணம், முடிச்சு. ஆடி நோம்பிச் சமயத்தில் தூரி (ஊஞ்சல்). பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசித் தள்ளும் மாதத்தில் காற்று, சாரல். முகூர்த்த நாட்கள் நெருக்கும் வாரங்களில் சொல்லே வேண்டாம், விடுமுறை விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை கொடுப்பதைவிட வியாழக்கிழமை கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. இரண்டு நாள் மனதில் ஊறி, ஞாயிறன்று கை வைக்கச் சரியாக இருக்கும்.

பரிசு வைக்காதீர்கள். முதல் பரிசு என்று அறிவித்த குழுவில் அதே இரண்டு பேர் வாங்கிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் மெல்ல நழுவுவார்கள். பரிசு இல்லாவிட்டால் ஆள் வராது என்று பயப்பட வேண்டாம். ஆளை இழுத்து வைப்பது கேள்விதான். எல்லோருக்கும் ‘சூப்பர்’ போட்டுவிட்டுப் போவதற்குப் பதில், “ஏனுங்க்கா, இந்த ஓரம் சுருளாம எப்படிங்க நின்னுச்சு?” என்று ஒருத்தி கேட்டால், “உள்ள பழைய காடா வெச்சுத் தெச்சேன் கண்ணு” என்று பதில் வரும். அதைப் படிக்கிற இன்னும் பத்துப் பேருக்கு அடுத்த வாரம் அது உதவும். பிள்ளைகள் சேர்ந்தால் அவர்கள் கோணலாகவே செய்யட்டும், ஸ்கூல் புராஜெக்ட் மாதிரி நாம் உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டாம்.

ஒரு வாரம் தவறிப்போனால் அதைப் பாக்கியாக எழுதி வைப்பது இன்னொரு தப்பு. தவறிய சொல்லையும் இந்த வாரச் சொல்லையும் சேர்த்துச் செய்கிறேன் என்று கிளம்புகிறவர் மூன்றாம் வாரம் இரண்டையும் விட்டுவிடுவார். போன வாரம் போனது. பாதியில் நிற்கிற வேலை கையில் இருந்தால், இந்த வாரச் சொல்லுக்கு அதை எப்படியாவது வளைக்க முடியுமா என்று பாருங்கள். கிணற்றுக்குப் போட்ட வட்டம் தூரிக்குப் பலகையாகலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

செய்ததைப் பார்த்து, “இதே மாதிரி பத்து வேணுங்க, என்ன விலைங்க?” என்று யாராவது கேட்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வாரமே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே பொருளைப் பத்து முறை செய்யத் தொடங்கினால் அடுத்த சொல்லுக்குக் கை ஒழியாது. அதைவிட முக்கியம், விளையாட்டுக்குச் செய்தது விற்கத் தாங்குமா என்று உங்களுக்கே தெரியாது. முதலில் ஒன்றை மூன்று முறை துவைத்துக் காயவையுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து நூலின் மேல் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலில் ஆர்டர் எடுக்க வேண்டாம். மஞ்சளில் முக்கியது என்றால் தேய்த்துப் பார்க்கவே வேண்டியதில்லை, விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.