மினி டிராக்டர் பேக்ஹோவுக்குப் பக்கெட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மெயின் குழாய் பதிக்க வேண்டும் என்றதும், மினி டிராக்டரின் பின்னால் பேக்ஹோ (பள்ளம் தோண்டும் இயந்திரக் கை) வைத்திருக்கும் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "இருப்பதில் பெரிய பக்கெட் எது?" என்பதுதான். ஒரே அள்ளலில் நிறைய மண் வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறார்கள். குளம் தூர்வார இந்தக் கணக்கு பொருந்தும். குழாய்ப் பள்ளத்துக்குப் பொருந்தாது.

100 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 2 அடி அகல பக்கெட்டால் தோண்டினால் சுமார் 36 கனமீட்டர் மண் வெளியே வரும். 1 அடி பக்கெட்டுக்கு அதில் பாதிதான். மீதி 18 கனமீட்டர் என்பது ஏறக்குறைய 29 டன் மண். 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்க்குத் தேவையே இல்லாத அந்த மண்ணை டீசல் செலவழித்துத் தோண்டி, மறுபடியும் டீசல் செலவழித்து மூடுகிறோம். அதோடு முடிவதில்லை. மூடிய மண் முதல் பெருமழையில் அமுங்கும். பள்ளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு வயலின் குறுக்கே தண்ணீர் தேங்கும்.

அப்படியானால் இருப்பதிலேயே குறுகலான 9 அங்குல பக்கெட்டை வாங்கிவிடலாமா? இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கிறது. எதை வாங்குவது என்பதை உங்கள் மண்தான் தீர்மானிக்க வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் ஈரம் இருக்கும்போது குறுகலும் ஆழமுமான பக்கெட்டில் ஏறிய மண் எளிதில் விழாது. பக்கெட்டைக் கவிழ்த்து உதறுவார்கள். அப்படியும் பாதி மண் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த உதறலில், பக்கெட்டைக் கையோடு இணைக்கும் பின் (உருளைக் கம்பி), அதைச் சுற்றியிருக்கும் புஷ் (உலோக வளையம்) இரண்டும் வேகமாகத் தேயும். கரிசல்காரர்கள் 12 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பக்கத் தகடுகள் வாய்ப்பக்கம் விரிந்தும் உள்பக்கம் ஒடுங்கியும் இருக்கிறதா, அடித்தகடு மூலையில்லாமல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கரிசலில் மழை விட்டுச் சில நாள் காய்ந்த பிறகு தோண்டுங்கள். எந்த பக்கெட்டும் தராத சுகத்தை அந்தக் காத்திருப்பு தரும்.

சுண்ணாம்புக் கற்கள் கலந்து இறுகிய சுக்கான் மண்ணில் கதை தலைகீழ். மினி டிராக்டரின் எடையும் ஹைட்ராலிக் விசையும் ஓர் அளவுக்கு உட்பட்டவை. அந்த விசை எத்தனை பற்களுக்குப் பங்கு போகிறது என்பதுதான் முக்கியம். 18 அங்குல பக்கெட்டை இறுகிய சுக்கானில் ஊன்றினால் மண் உடைவதற்குப் பதில் டிராக்டர்தான் எழும்பும், தாங்குகால்கள் வழுக்கும். அங்கே 9 அங்குலம் கடித்து இறங்கும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலிலோ நீங்கள் எவ்வளவு குறுகலாகத் தோண்டினாலும் கரை சரிந்து பள்ளம் தானே அகன்றுவிடும். அங்கே குறுகலான பக்கெட்டுக்காகத் தனியாகப் பணம் கொடுப்பதில் பயன் குறைவு.

பல்லைப் பற்றி ஒரு விஷயம். ஓரப் பற்களோ பக்க வெட்டுத் தகடுகளோ பக்கெட்டின் உடலைவிடச் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கெட் இரு கரைகளிலும் உரசிச் சிக்கும். பற்கள் தேய்ந்தால் கழற்றி மாற்றும் வகையாக இருக்கட்டும்.

பெரிய ஜேசிபி இயந்திரத்தில் இருந்து கழற்றிய பழைய குறுகிய பக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று பட்டறையில் வெட்டி ஒட்டி மாட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். ஜேசிபி 3டிஎக்ஸ் 7 டன்னுக்கும் மேல் எடையுள்ள இயந்திரம். அதற்கென்று செய்த தடித்த தகட்டின் எடையே மினி டிராக்டரின் தூக்குதிறனில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பேக்ஹோவின் கை நீட்டிய நிலையில், ஈரமண்ணும் சேர்ந்தால், சரிவான நிலத்தில் டிராக்டர் நிலைகுலையும். ஓட்டுநரின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மலிவைப் பார்க்கக் கூடாது.

பணத்தை அதிகம் வீணாக்கும் தவறு, அளவெடுக்காமல் வாங்குவது. "25 ஹெச்பி டிராக்டருக்கு இது பொருந்தும்" என்று கடைக்காரர் சொல்வது அளவு ஆகாது. பேக்ஹோவின் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இணைப்பு மாறும். மூன்று அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்: பின்னின் விட்டம், பக்கெட்டின் இரு காதுகளுக்கு (பின் நுழையும் துளையுள்ள தகடுகளுக்கு) நடுவே உள்ள அகலம், இரண்டு பின்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம். பின்னை வெர்னியர் காலிப்பரால் தேயாத முனையில் அளக்க வேண்டும். விட்டமும் அகலமும் கொஞ்சம் மாறினால் புஷ், வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். மையத் தூரம் மாறினால் பக்கெட் மடங்கும் கோணமே மாறிவிடும். மண்ணை முழுதாகக் கொட்டாது, அல்லது மடக்கும்போது பல் போய் பேக்ஹோவின் கையில் இடிக்கும். ஆகவே மாட்டிப் பார்த்து, முழுவதும் விரித்து, முழுவதும் மடக்கி, எங்கும் இடிக்கவில்லை என்று கண்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.