மாலையில் மனம் ஆற எங்கே உட்காருவது? யாங்கோன் நகரவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும் மனம் தணியவில்லை என்று அனொரத்தா சாலைக் காளி கோயிலைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நகர மையத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை இருந்தும், பேருந்து இரைச்சலும் ஹாரன் சத்தமும், மின்சாரம் நின்றால் வாசலில் உறுமும் ஜெனரேட்டருமாகக் காதுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. தினமும் இருபது முப்பது நிமிடம் மரநிழலில் இருப்பது இதற்கு நல்ல மருந்து. ஆனால் எந்த மரநிழல் என்பதைக் கண்ணை விடக் காதைக் கொண்டு தேர்ந்தெடுங்கள்.

காரணம் இருக்கிறது. 2010இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், மனக்கணக்குப் போடவைத்துப் பதற்றமூட்டப்பட்ட 40 பேருக்கு வெவ்வேறு ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். பதற்றத்தில் வியர்க்கும்போது கூடுகிற தோலின் மின்கடத்துதிறனை அளந்தபோது, போக்குவரத்து இரைச்சலைக் கேட்டபோது இருந்ததை விட, பறவை ஒலியும் நீரூற்று ஒலியும் கேட்டபோது அவர்கள் விரைவாகத் தணியும் போக்கு தெரிந்தது.

சூலே பகோடா அருகிலுள்ள மகாபந்தூலா பூங்கா பலருக்கும் நடந்து போகும் தூரம்தான், ஆனால் சாலைகள் அதை நெருக்கி நிற்கின்றன. அங்கே போனால் ஓரத்து இருக்கைகளை விட்டு, நடுவில் நிற்கும் சுதந்திரத் தூணின் பக்கம் புல்லில் அமருங்கள். சாலை இரைச்சல், தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 3 டெசிபல் குறையும். 10 மீட்டரிலிருந்து 80 மீட்டருக்கு விலகினால் ஏறத்தாழ 9 டெசிபல் குறைகிறது, அது காதுக்குக் கிட்டத்தட்டப் பாதிச் சத்தமாகத் தோன்றும். ஒற்றை வரிசை மரங்கள் ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால், சாலையோர மரத்தடியை நம்பாதீர்கள்.

நேரம் கிடைக்கும் நாளில் கண்டவ்ஜி ஏரிக்கோ இன்யா ஏரிக்கோ போவது மேல். அங்கும் சாலையை ஒட்டிய நடைபாதையில் நில்லாமல் உள்ளே நடங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற இடம், கரையில் நீர் தட்டும் மெல்லிய ஒலி தனியாகக் கேட்கிற இடம், அதுவே உங்கள் இடம். அமர்ந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். இதை நான் கெஞ்சியே கேட்பேன்.

வீட்டில் கவனிக்க வேண்டியது இரவுதான். உலக சுகாதார அமைப்பு 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவில் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நம் தெருக்களில் அது எளிதல்ல. ஆகவே முன்னறையில் படுப்பவர்கள் பாயைப் பின்னறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பூங்காவுக்குப் போக முடியாத மாலைகளில், அங்கேயே சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தகரக் கூரையில் விழும் மழை, தெருவின் ஹாரன்களைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.