ஈப்பிடிப்பான்களை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்ததும் தமிழகத்தின் தோப்புகளிலும் மலைக்காடுகளிலும் வலசை வரும் ஈப்பிடிப்பான்களின் நடமாட்டம் கூடிவிடும். ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் ஈப்பிடிப்பான்களோடு அவையும் சேர்ந்துகொள்ள, பறவை பார்க்கப் புதிதாக வந்தவர்கள் திணறிப்போவார்கள். பெரும்பாலானவை சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. நிழலை விரும்புபவை. ஒரு கிளையில் சில நொடிகள் உட்கார்ந்து, ஒரு பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு மறைந்துவிடும். அந்தச் சில நொடிகளில் நம் கண்ணில் தங்குவது நிறம் மட்டும்தான். வீட்டுக்கு வந்து, கையேட்டின் படங்களில் அந்த நிறத்தைத் தேடுகிறோம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஈப்பிடிப்பான்களைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது இடம்: எந்த உயரம், எந்தக் காடு, காட்டின் எந்த அடுக்கு. அடுத்து மாதம். அதற்குப் பிறகு நடத்தை. நிறத்துக்குக் கடைசி இடம் போதும். இந்த வரிசையில் பார்த்துப் பழகியவர்களுக்கு, தூரத்தில் ஒரு நிழலுருவாகத் தெரியும் பறவைகூடப் பாதி பிடிபட்டுவிடும்.

எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைப்பது

ஈப்பிடிப்பான் என்ற பெயர் ஒரு தொழிலைச் சொல்கிறது, வம்சத்தைச் சொல்லவில்லை. பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் வேலையை உலகின் பல மூலைகளில் பல பறவை வம்சங்கள் தனித்தனியே கற்றுக்கொண்டன. ஒரே வேலை என்பதால் உடலும் ஒரேபோல அமைந்துவிட்டது. அடிப்பகுதி அகன்ற தட்டையான அலகு, அதைச் சுற்றி மீசைபோன்ற விறைத்த முடிகள், நடப்பதற்கு அதிகம் உதவாத குட்டைக் கால்கள். இவற்றை வைத்து உறவு கொண்டாடினால் தவறாகத்தான் முடியும்.

அசல் ஈப்பிடிப்பான்கள் மஸ்சிகாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஊரின் நீல ஈப்பிடிப்பான்கள், பழுப்பு ஈப்பிடிப்பான்கள், செம்மார்பு ஈப்பிடிப்பான் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் நீண்ட நாடா வால் கொண்ட அரசவால் ஈப்பிடிப்பான் இந்தக் குடும்பம் அல்ல. அது மொனார்கிடே குடும்பம். பிடரியில் கரும்புள்ளி கொண்ட கருப்புப்பிடரி நீல ஈப்பிடிப்பானும் அதோடுதான் சேரும். 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அதைக் காக்கையின் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், வைத்தார். பிற்காலத்தவர் அதை அங்கிருந்து எடுத்து ஈப்பிடிப்பான்களோடு சேர்த்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு பார்த்தால், இந்தப் பறவை காகங்களும் இரட்டைவால் குருவிகள் எனப்படும் கரிச்சான்களும் அடங்கிய பெருங்கிளையில்தான் வருகிறது. அந்தக் கிளையிலேயே விசிறிவால் குருவிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ரைபிடுரிடே என்று தனிக் குடும்பம்.

சாம்பல்தலை ஈப்பிடிப்பான் இன்னும் வியப்பானது. சாம்பல் தலை, மஞ்சள் வயிறு, ஒரு நொடியும் சும்மா இராத சுறுசுறுப்பு. கொடைக்கானலிலோ வால்பாறையிலோ கலப்புக் கூட்டமாகப் பறவைகள் மரத்துக்கு மரம் தாவிச் செல்லும்போது அதில் முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் இதுவாக இருக்கும். இதன் குடும்பம் ஸ்டெனோஸ்டிரிடே. நெருங்கிய உறவினர்களில் பலர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களின் ஈப்பிடிப்பான்களோ இவை எல்லாவற்றிலிருந்தும் வெகு தொலைவு. நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட டைரனிடே குடும்பம் அது. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அங்குள்ள அடையாளக் குறிப்புகளை இங்கே பொருத்திப் பார்ப்பது வீண் வேலை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஈப்பிடிப்பான் என்ற பெயர் இல்லாததால் சில பறவைகளை வெளியே நிறுத்திவிடுகிறோம். வீட்டுக் கூரையில் உட்கார்ந்து விடியற்காலையில் பாடும் குண்டுகரிச்சான், கற்குவியல்களில் வாலைத் தூக்கி நடக்கும் கருஞ்சிட்டு, புதர்ச்சிட்டுகள் ஆகியவை எல்லாம் முன்பு பூங்குருவிகளோடு சேர்க்கப்பட்டவை. இன்று மஸ்சிகாப்பிடே குடும்பத்தின் உறுப்பினர்கள். பழைய கையேடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பறவையியலாளர்கள் சலீம் அலியும் டில்லன் ரிப்ளியும் இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பற்றி எழுதிய பெருநூலில் ஈப்பிடிப்பான்கள், பூங்குருவிகள், சிலம்பன்கள், கதிர்க்குருவிகள் எல்லாமே ஒரே பெருங்குடும்பத்தின் பிரிவுகளாக இருக்கும். அந்த நூலின் கள விவரங்களுக்கு இன்றும் ஈடில்லை. வகைப்பாட்டுக்கு மட்டும் புதிய பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

நம் மலைகளிலிருந்தே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. உயர்மலைகளின் பசுமைமாறாக் காடான சோலைக்காட்டின் தரையோரம் ஒளிந்து வாழும் நீலகிரி சோலைச்சிட்டையும் அதன் உறவினர்களையும் எங்கே வைப்பது என்று நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் மாறி மாறி முடிவெடுத்தார்கள். 2017-இல் இந்திய ஆய்வாளர்கள் அடங்கிய குழு அவற்றுக்கு ஷோலிகோலா என்று புதிய பேரினமே வகுத்தது. மரபணு அடிப்படையில் அவை நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமானவை என்று தெரியவந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழ்வதைத் தனி இனமாகவும் அந்த ஆய்வு பிரித்தது. மலைத்தொடரில் ஒரு கணவாய் குறுக்கிட்டால் அந்தப் பக்கம் வேறு பறவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நீலத்தை நம்புவது

பறவையின் நீலம் சாயம் அல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. அதனால் வெளிச்சம் மாறினால் நீலமும் மாறும். காலை வெயிலில் பளிச்சென்று மின்னும் பறவை, மேகம் மூடியதும் சாம்பலாகிவிடும். அடர்ந்த நிழலில் கறுப்பாகவே தெரியும். நீலத்தின் சாயலை வைத்து இனம் சொல்பவர்கள் உண்மையில் அன்றைய வானிலையைத்தான் சொல்கிறார்கள்.

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஓர் ஈப்பிடிப்பான் முழு நீலமாக, மரத்தின் மேல்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அது நீலகிரி ஈப்பிடிப்பானா, இமயமலையிலிருந்து குளிர்காலத்தில் வரும் நீலமேனி ஈப்பிடிப்பானா? ஜூன் மாதம் என்றால் கேள்வியே இல்லை, நீலகிரி ஈப்பிடிப்பான்தான். நீலமேனி அப்போது இமயத்தில் கூடு கட்டிக்கொண்டிருக்கும். டிசம்பர் என்றால் வாலின் அடிப்பகுதியைப் பாருங்கள். நீலகிரி ஈப்பிடிப்பானுக்கு அங்கே இருபுறமும் வெள்ளைத் திட்டு இருக்கும். வாலை விரிக்கும் கணத்தில் தெளிவாகத் தெரியும். நீலமேனிக்கு அது கிடையாது. ஆழ்நீலமா, மயில்துத்தச் சாயலா என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஒப்புநோக்கிக்கொள்ளலாம்.

நீல முதுகும் ஆரஞ்சு மார்பும் கண்டவுடன் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் என்று குறித்துவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. பல நேரம் அது சரியாகவே இருக்கும், ஏனென்றால் வறண்ட இலையுதிர் காடு, மூங்கில் புதர், நிழல் மிகுந்த தோட்டம் என்று எங்கும் வாழும் பறவை அது. ஆண் பறவையில் தொண்டையிலிருந்து மார்பு வரை ஆரஞ்சு, அதன் கீழே கோடு கிழித்ததுபோல வெள்ளை வயிறு தொடங்கும். தொண்டை நீலமாக இருந்து, மார்பில் மட்டும் ஆரஞ்சு இருந்தால் அது குளிர்கால விருந்தாளியான நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். ஆரஞ்சே இல்லாமல், பிடரியில் ஒரு கரும்புள்ளியும் தொண்டையில் மெல்லிய கறுப்புக் கோடும் இருந்தால் முன்பு சொன்ன கருப்புப்பிடரி நீல ஈப்பிடிப்பான்.

பசுமைமாறாக் காட்டின் புதரடியில் இருக்கும் பறவை என்றால் அவசரப்படாதீர்கள். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைவயிற்று நீல ஈப்பிடிப்பான் இருக்கிறது. அதன் ஆணுக்கு ஆரஞ்சு இல்லை, பெண்ணுக்குத்தான் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு. டிக்கெல் என்று பதிவாகும் பறவைகளில் இந்தப் பெண் பறவைகளும் கலந்துவிடுகின்றன. முதுகில் நீலமே இல்லாமல் பழுப்பும், வாலில் செம்பழுப்பும் இருந்தால் இது.

ஆண், பெண் குழப்பம் அரசவாலிலும் உண்டு. செம்பழுப்பு நிறத்தில் குட்டை வாலோடு இருப்பதை எல்லாரும் பெண் என்று எழுதிவிடுகிறார்கள். இளம் ஆண்களும் அப்படித்தான் இருக்கும். நீண்ட வால் வந்த பிறகும் செம்பழுப்பாகவே இருக்கும் ஆண்கள் உண்டு, வெண்மையாக மாறும் ஆண்களும் உண்டு. இலங்கையில் நிரந்தரமாக வாழும் துணையினத்தின் ஆண்கள் வெள்ளையாவதே இல்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெள்ளை அரசவாலைக் கண்டால், அது இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தது.

பழுப்பு என்றால் ஒன்றுதான் என்று விட்டுவிடுவது

நிறமில்லாத பறவைகள்மீது நமக்கு அக்கறை குறைவு. ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானையும் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானையும் பிரித்துப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவாகவே இருக்கிறார்கள். இரண்டுக்கும் பழுப்பு உடல், பெரிய கண், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம். இரண்டுமே ஒரே கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்து, பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும்.

அந்தத் திரும்பும் பழக்கம்தான் நமக்கு உதவி. பறவை போய்விட்டதே என்று இருகண்நோக்கியை இறக்காமல், காலியான கிளையையே பார்த்துக்கொண்டிருங்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். கால் கறுப்பு என்றால் ஆசியப் பழுப்பு. வெளிறிய மஞ்சள் கலந்த தோல் நிறம் என்றால் பழுப்புமார்பு. அடுத்து கீழ் அலகு. முன்னதில் அடியில் மட்டும் மஞ்சள், நுனி கறுப்பு. பின்னதில் முழுவதும் வெளிறியிருக்கும். உட்காரும் இடமும் வேறு. ஆசியப் பழுப்பு திறந்த கிளைகளையும் காட்டோர மரங்களையும் விரும்பும், நகரத் தோப்புக்கும் வரும். பழுப்புமார்பு ஈரமான, இருண்ட புதரடிகளுக்குள் இருக்கும்.

இந்தப் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயர் மஸ்சிகாப்பா முட்டுயி. 1854-இல் இதை விவரித்த பறவை ஆய்வாளர் லேயார்டு, இலங்கையின் பருத்தித்துறையில் இதைத் தனக்குக் கொண்டுவந்து கொடுத்த தன் பணியாள் முத்துவின் பெயரை இதற்கு வைத்தார். அந்த மனிதரின் கூர்ந்த பார்வைக்குக் கிடைத்த மரியாதை அது. வெறும் பழுப்பு என்று கடந்துபோகாமல் இருக்க இதுவே எனக்குப் போதுமான காரணம்.

பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று கொள்வது

வாழிடத்தை எழுதும்போது காடு என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நீலகிரியின் ஒரே சரிவில் சோலை, புல்வெளி, தேயிலை, சீகை மரத்தோட்டம், தைலமரத் தோட்டம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. தூரத்திலிருந்து எல்லாம் பச்சை. பறவைக்கு அப்படி அல்ல.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை போன்ற உயர்மலைகளுக்கே உரிய பறவை. தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் எரியும் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் பழுப்புச் சாயல். இவ்வளவு பளிச்சென்ற பறவையைப் பலர் காணாமல் திரும்புவதற்குக் காரணம், மேலே பார்ப்பதுதான். இது மரத்தின் உச்சிக்குப் போவதில்லை. குறிஞ்சி இனப் புதர்களும் பெரணிகளும் மண்டிய ஈரமான அடிக்காட்டில், தரைக்குச் சற்று மேலேயே அதன் வாழ்க்கை. கூட்டையும் அங்கேயே, காய்ந்த புல்லும் பெரணி இலையும் கொண்டு உருண்டையாகக் கட்டும். ஆகவே மேலே மரங்கள் நிற்கின்றனவா என்பது மட்டும் போதாது. கீழே புதர் இருக்கிறதா என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அடிக்காட்டைச் செதுக்கித் துப்புரவாக்கிய தோட்டம் வெளியிலிருந்து பார்க்கக் காடு போலவே இருக்கலாம். இந்தப் பறவைக்கு அங்கே குடியிருப்பு இல்லை.

ஒரே சோலையில் நீலகிரி ஈப்பிடிப்பான் மேலடுக்கில், சாம்பல்தலை நடு அடுக்கில், கருப்பு ஆரஞ்சு புதரில், சோலைச்சிட்டு தரையில் என்று பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. பறவை நின்ற உயரத்தை ஒரு சொல்லில் குறித்துவைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

செம்மார்பு ஈப்பிடிப்பான் விஷயத்தில் இந்தக் குறிப்புகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் அதை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் குளிர்காலத்தில் வரும் சிறு பறவை இது. வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். வாலின் அடியில் இருபுறமும் வெள்ளை தெரியும். ஊட்டியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் இதே தோற்றத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வருகிறது. பெரும்பாலும் காஷ்மீரிலும் பீர் பஞ்சால் மலைகளிலும் கூடு கட்டும், அழியும் ஆபத்துக்குள்ளான இனம் அது. ஆணின் மார்புச் சிவப்பு இன்னும் ஆழமாக, கீழ்வரை பரவி, இருபுறமும் கறுப்புக் கரையோடு இருக்கும். உயர்மலையில் செம்மார்பு என்று அவசரமாகக் குறித்த ஒரு பதிவு, உண்மையில் காஷ்மீர் ஈப்பிடிப்பானாக இருந்திருந்தால், அந்த அரிய பறவை எங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடும். தொண்டையும் மார்பும் தெரியும் ஒரு படம், உயரம், தேதி ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த இரண்டில் எதையும் உறுதியாகப் பதிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது இப்போது பெருகிவிட்டது. மார்ச் முதல் ஜூன் வரை நம் மலைகளின் ஈப்பிடிப்பான்கள் கூடு கட்டும் காலம். ஒலியைக் கேட்ட ஆண், தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு வரும். புதரை விலக்கிப் படம் எடுத்தால், மறைவாக இருந்த கூடு காகத்துக்கும் பாம்புக்கும் தெரிந்துவிடும். புதரிலிருந்து சற்றுத் தள்ளி அமைதியாக உட்கார்ந்திருந்தால் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தானாகவே வெளியே வரும். மனிதர்களுக்கு அதிகம் அஞ்சாத பறவை அது.