நாலு ட்ராக் ரெக்கார்டருக்கு வெற்றுக் கேசட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

குரல், கிட்டார் என நாலு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் பழைய நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர் கைக்கு வந்ததும் பலர் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பதிவு செய்து பார்க்கிறார்கள். ஒலி மங்கலாக வந்தால் பழி மெஷின் மேல் விழுகிறது. பல நேரம் கோளாறு டேப்பில்தான்.

1979-ல் வந்த டியாக் 144 தொடங்கி இவ்வகை மெஷின்களில் பெரும்பாலானவை டைப் 2 (‘குரோம்’ என்று அழைக்கப்படும் வகை) டேப்புக்கென்றே அமைக்கப்பட்டவை. வீட்டு டெக்கில் இருப்பது போல டேப் வகையை மாற்றும் சுவிட்ச் பலவற்றில் கிடையாது. பயாஸ் (பதியும்போது ஒலியோடு சேர்த்து டேப்புக்குச் செலுத்தும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) உள்ளேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். அதில் சாதாரண டேப்பான டைப் 1 போட்டால் பயாஸ் மிஞ்சிப்போய் சிம்பலும் கிட்டார் கம்பியின் மினுமினுப்பும் மழுங்கிவிடும். விலை அதிகமென்றால் தரமும் அதிகம் என்று மெட்டல் டேப் வாங்குவது இதற்கு நேரெதிர்த் தவறு: பயாஸ் போதாமல் ஒலி கரகரக்கும், எரேஸ் ஹெட்டால் பழையதை முழுக்க அழிக்கவும் முடியாமல் போகலாம். விதிவிலக்கான மாடல்களும் உண்டு என்பதால், உங்கள் மெஷினின் மேனுவல் சொல்வதே முடிவு.

உறையில் அச்சடித்திருப்பதைவிடக் கேசட்டின் முதுகைப் பாருங்கள். அழிப்புத் தடுப்புத் தக்கைகளை ஒட்டி இன்னொரு பள்ளம் இருந்தால் பொதுவாக அது டைப் 2. ‘குரோம்’ என்ற சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. டிடிகே எஸ்ஏ, மேக்ஸெல் எக்ஸ்எல் 2 போன்றவை கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்ஸைடு. ஆனாலும் டைப் 2 இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துபவை.

அடுத்தது நீளம். நாலு ட்ராக்கும் ஒரே திசையில் பதிவாவதால் பி பக்கம் என்று ஒன்று கிடையாது. டியாக் 144 போலச் சில மெஷின்கள் வீட்டு டெக்கைவிட இருமடங்கு வேகத்தில் ஓடும். அவற்றில் சி-60 கேசட்டில் (வழக்கமாகப் பக்கத்துக்கு 30 நிமிடம்) 15 நிமிடம்தான் அடங்கும். இதைக் கேட்டதும் சி-120-க்குத் தாவாதீர்கள். சி-60 டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. ஓவர்டப் (முன்பு பதிந்ததைக் கேட்டபடியே இன்னொரு ட்ராக்கில் பதிவது) செய்யும்போது ஒரே நாலு வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றி நிறுத்துவோம்; மெல்லிய டேப் அதில் நீண்டு, சுருதி ஆடும். நான் சி-60-ஐத் தாண்டுவதில்லை.

சிக்கல் எங்கே வாங்குவது என்பதில்தான். அமெரிக்காவின் நேஷனல் ஆடியோ கம்பெனியும் பிரான்ஸின் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸும் இப்போதும் டேப் தயாரிக்கின்றன. ஆனால் புதிதாக எளிதில் கிடைப்பது பெரும்பாலும் டைப் 1. டைப் 2 வேண்டுமென்றால் பெரும்பாலும் பழைய சரக்குதான். பரணில் கிடக்கும், ஒரு காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் பெரும்பாலும் டைப் 1. நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், பதிவுக்கு வேண்டாம்.

சீல் பிரிக்காதது என்பதற்காக ஒரேயடியாகப் பத்து வாங்குவதும் தப்பு. எத்தனை வருடம் எந்த வெயிலில் கிடந்ததோ! உள்ளே அழுத்தும் பஞ்சுப் பட்டை கழன்றிருக்கலாம். ஒன்றை வாங்கி, முழுக்க முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட்டு மீதியை வாங்குங்கள். பயன்படுத்திய கேசட் ஆகாது என்பதில்லை. நல்ல இடத்தில் இருந்த எஸ்ஏ, கெட்ட இடத்தில் இருந்த சீல் கேசட்டைவிட மேல். ஆனால் முதல் இரண்டு ட்ராக்கில் மட்டும் பதிந்தால், மற்ற இரண்டில் பழைய பி பக்கப் பாட்டு தலைகீழாக ஒலிக்கும். முன்கூட்டியே நாலு ட்ராக்கையும் ஒருமுறை வெற்றாகப் பதிந்து அழித்துவிடுங்கள்.

ஓரம் சுருண்ட டேப்பை எடுக்கவே வேண்டாம். ஓரத்தில் ஓடும் ஒன்றாம், நாலாம் ட்ராக்குகள் அதில் விட்டுவிட்டுக் கேட்கும். இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் போட்டிருந்தால் இன்னும் மோசம்: டேப்பில் 3 டெசிபல் இறங்கினால் அது 6 டெசிபல் இறக்கமாகவே காதுக்கு வரும். குரலை நடு ட்ராக்கில் வைப்பவர்கள் காரணத்தோடுதான் வைக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் தக்கையை உடைக்கும்போது இரண்டையும் உடையுங்கள். ஒன்றை மட்டும் உடைத்தால், யாராவது கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பதிந்தால் நாலு ட்ராக்கும் போய்விடலாம்.