கதவுக்குள்ள கடகட சத்தமோ? டோர் போட்டை நீங்களே கழட்டிப் பூட்டலாம்

ஏ9ஐ விட்டிறங்கி உள்ளுக்கு கிறவல் ரோட்டில கார் ஓடுற ஆக்களுக்கு இந்தச் சத்தம் நல்லாத் தெரியும், கதவுக்குள்ள ஆரோ நெருப்புப்பெட்டியைக் குலுக்கிற மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் கதவைச் சாத்தேக்க டோர் போட், அதுதான் கதவின்ர உள்பக்கத்தை மூடியிருக்கிற பலகை, கீழ்ப்பக்கமா வாயைத் திறந்துகொண்டு நிக்கும். கூடுதலா பிளாஸ்ரிக் கிளிப்தான் காரணம், எங்கட வெயிலுக்குக் காஞ்சு படக்கெண்டு உடையும்.

முதல் ஒண்டு சொல்லுறன், போட்டைப் பிடிச்சு இழுக்காதேங்கோ. நான் முதல் தரம் இழுத்தனான், கைபிடிக் குழிக்குள்ள சின்ன மூடிக்குக் கீழ ஒரு ஸ்க்ரூ இருந்தது தெரியாது, கிளிப் போய் கிளிப் இருக்கிற இடமும் சேர்ந்து பிஞ்சு வந்திட்டுது.

கண்ணாடியை மேல ஏத்திப்போட்டு திறப்பை எடுங்கோ. கதவில எயார்பாக் இருக்கிற கார் எண்டா தெரிஞ்ச மெக்கானிக்கிட்டக் குடுக்கிறதுதான் புத்தி. இனி ஸ்க்ரூவைத் தேடுங்கோ: கதவு திறக்கிற பிடிக்குப் பின்னால, கை வைக்கிற இடத்தில, கீழ் விளிம்பில. ஒவ்வொண்டையும் போனில படம் எடுத்திட்டு ஐஸ்கிறீம் பெட்டி மூடிக்குள்ள போடுங்கோ. கையால சுத்துற கண்ணாடி எண்டா அந்தப் பிடிக்குப் பின்னால ஒரு கம்பிக் கிளிப் இருக்கும், பழைய சாரத் துண்டொண்டை பிடிக்கும் போட்டுக்கும் இடையில விட்டு சப்பாத்துக்குப் பொலிஷ் போடுற மாதிரி இங்கால அங்கால இழுத்தா அது துள்ளி வெளிய வரும், மற்றக் கையால பொத்திப் பிடியுங்கோ, புழுதிக்குள்ள விழுந்தா பிறகு தேடேலாது.

அடுத்து கீழ் மூலையில தட்டையான ஸ்க்ரூ டிரைவரைத் துணி சுத்தி, கிளிப்புக்குக் கிட்டவா விட்டு நெம்புங்கோ. டக் எண்டும். சுத்திவர விட்டாப்பிறகு போட்டை மேல தூக்குங்கோ, ஏனெண்டா அது கண்ணாடி ஓரத்தில கொழுவித்தான் நிக்குது. உடன தள்ளி எடுக்காதேங்கோ, சுவிச் வயரும் திறக்கிற பிடியின்ர கேபிளும் பின்னால இருக்கு, அதுகளைக் கழட்டிப்போட்டு எடுங்கோ.

உடைஞ்ச கிளிப்பின்ர துண்டு கதவு ஓட்டைக்குள்ள நிண்டா குறட்டால பிடுங்குங்கோ. நல்ல கிளிப் ஒண்டைக் கையோட கடைக்குக் கொண்டு போங்கோ, எல்லாக் காருக்கும் ஒரே சைஸ் இல்லை, ரெண்டு மூண்டு கூட வாங்குங்கோ. கிளிப் இருக்கிற இடமே பிஞ்சிருந்தா ரெண்டு ரியூப் கலக்கிற பசையைப் பூசி ஒரு இரவு விடுங்கோ. சுப்பர் குளு வேண்டாம், சுத்திவர வெள்ளை பூத்திடும். துணியோ ரெக்சினோ கழண்டு தொங்கினா சப்பாத்துக்கு ஒட்டுற கம்மை ரெண்டு பக்கமும் பூசி, விரலில ஒட்டாத அளவுக்குக் காஞ்சாப்பிறகு அமத்துங்கோ.

உள்ளுக்கு கறுத்தப் பிசினால ஒட்டின பொலித்தீன் ஒண்டு இருக்கும், கனபேர் கிழிச்சு எறியிறவை. எறியாதேங்கோ. மழைத் தண்ணி கண்ணாடி வழிய கதவுக்குள்ள இறங்கி அடி ஓட்டையால போறது வழமை, கிறவல் மண் அந்த ஓட்டையை அடைச்சா, பொலித்தீனும் இல்லாட்டி, கார்த்திகை மழைக்கு போட் ஊறி வீங்கும். ஈர்க்கொண்டை எடுத்து ஓட்டைகளைக் குத்தித் துப்பரவாக்குங்கோ.

பூட்டேக்க வயரையும் கேபிளையும் கொழுவி கண்ணாடி ஏறி இறங்குதோ எண்டு பாத்திட்டு, மேல் ஓரத்தை முதல் கொழுவி, கிளிப்புகளை ஓட்டைக்கு நேர வைச்சு உள்ளங்கையால தட்டுங்கோ. போகாட்டி பலமா அடிக்க வேண்டாம், கிளிப் சரிஞ்சிருக்கும், எடுத்துப் பாருங்கோ. கடைசியா ஸ்க்ரூக்கள்.

அடுத்த மழைக்கு கதவின்ர அடியால தண்ணி சொட்டினா பயப்பிடாதேங்கோ, அது அப்பிடித்தான் வரவேணும்.